அண்டை வீட்டார் யார்? – சிங்கப்பூர் அடுக்குமாடிகளின் கதை

1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. பிற்பகலில் சிங்கப்பூரின் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் பற்றிய தீ, பலகை வீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தது. நால்வர் மாண்டனர்; ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர்.

1927இல் ஆங்கிலேயர் நிறுவிய 'சிங்கப்பூர் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்' முப்பத்திரண்டு ஆண்டுகளில் கட்டியவை சுமார் 23,000 வீடுகளே. 1960 பிப்ரவரியில் லிம் கிம் சான் தலைமையில் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகமோ முதல் ஐந்தாண்டுகளிலேயே 50,000க்கும் மேற்பட்ட வீடுகளை எழுப்பியது. தீயில் வீடிழந்தோர் ஓராண்டுக்குள் மாடி வீடுகளில் குடியேறினர். 1966இன் நிலம் கையகப்படுத்தும் சட்டம் நிலத்தைத் தந்தது. 1968 முதல், தொழிலாளி தன் சேமநிதிப் பணத்தைக் கொண்டே வீடு வாங்க முடிந்தது.

எண்ணிக்கைச் சிக்கல் தீர்ந்தது. யார் அருகில் யார் வாழ்வது என்ற சிக்கல் எஞ்சியது. அது பழைய சிக்கல். 1822இல் ராஃபிள்ஸ் வகுக்கச் செய்த நகரத் திட்டமே சீனருக்கும் பூகிஸ் மக்களுக்கும் அரபியருக்கும் தனித்தனிப் பகுதிகளை ஒதுக்கியது. தமிழகக் கரையிலிருந்து சென்றவர்களுக்குச் 'சூலியா கம்பம்' கிடைத்தது. 1964இன் இனக் கலவரங்கள் அந்தப் பிரிவினையின் ஆபத்தை உணர்த்தின.

கழகம் வீடுகளைக் கலந்து ஒதுக்கியபோதும், மறுவிற்பனைச் சந்தை மக்களை மீண்டும் இனவாரியாகக் கூட்டியது. பிடோக், தெம்பனிசில் மலாய்க்காரர், ஹவ்காங்கில் சீனர், யீஷூனில் இந்தியர். 1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. அதைக் கொணர்ந்த தேசிய வளர்ச்சி அமைச்சர் சு. தனபாலன். ஒரு கட்டடத்தில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் பிறரும் 13 என்று உச்ச வரம்புகள் விதிக்கப்பட்டன. கடைசி வரம்பு 2010இல் 15 ஆக உயர்ந்தது.

நோக்கம் நன்று. ஆனால் அதன் விலையை யார் கொடுத்தனர்? சீனர் வரம்பு நிரம்பிய கட்டடத்தில் ஒரு தமிழர் தம் வீட்டை விற்க முனைகிறார் என்று கொள்வோம். சீனர் அதை வாங்க இயலாது. நாட்டின் பெரும்பான்மை இனத்தவர் விலகிவிட, எஞ்சுவோரோ மிகச் சிலர். காத்திருக்க வேண்டும், அல்லது விலையைக் குறைக்க வேண்டும். அதே கட்டடத்துச் சீனருக்கோ இத்தடை இல்லை. அவர் எவருக்கு விற்றாலும் சீனர் எண்ணிக்கை கூடாது. பிற இன வரம்பும் அங்கே பெரும்பாலும் நிரம்பியிராது. அனைவருக்கும் ஒரே விதிதான். சுமைதான் ஒரே அளவினதன்று.

2021இல் இக்குறை நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டது. நெடுநாள் முயன்றும் விற்க இயலாதோரின் வீடுகளைக் கழகமே வாங்கிக்கொள்ள முன்வரும் என்று 2022 மார்ச்சில் அமைச்சர் டெஸ்மண்ட் லீ அறிவித்தார். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து வந்த திருத்தம் அது.

நம் நகரங்களில் வாடகை வீடு தேடுவோரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வியை நாமறிவோம். சாதியும் மதமும் உணவும் தெரிந்த பிறகே சாவி கைக்கு வரும். அதைக் காணும்போது சிங்கப்பூர் எடுத்த முயற்சியை எளிதில் தள்ளிவிட முடிவதில்லை. எனினும், ஒற்றுமையின் செலவைச் சிறுபான்மையோர் கணக்கிலேயே எழுதிவிடாத வழியையும் சேர்த்தே தேட வேண்டியிருக்கிறது.