குண்டூசித் துளை சொன்ன சாட்சி



வகுப்பில் ஒரு பேனையோ காசோ காணாமல் போனால் பிள்ளைகளின் கண்கள் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் திரும்பும்: வீட்டில் வசதி குறைந்த பிள்ளையின் பக்கம். பாடசாலையில் இருக்கும் நாம் இதை அடிக்கடி காண்கிறோம். அப்போது மாணவர்களுக்குச் சொல்லத்தக்க கதை ஒன்று உண்டு. அதன் வரலாறு பெரியவர்களான எமக்கும் உரியது.

எரிக் கெஸ்ட்னர் எழுதிய ‘எமிலும் துப்பறிவாளர்களும்’ 1929இல் ஜேர்மனியில் வெளிவந்தது. எமில் தந்தையை இழந்த சிறுவன். தாய் சிகையலங்காரம் செய்து உழைப்பவர். பேர்லினில் உள்ள பாட்டிக்கு 120 மார்க், அவனுக்கு 20 மார்க் என்று கொடுத்து ரயிலேற்றி விடுகிறார். அவன் அந்த மூன்று தாள்களையும் சட்டையின் உட்பையில் வைத்துக் குண்டூசியால் குத்திக்கொள்கிறான். தூங்கி எழும்பும்போது காசும் இல்லை, கூட இருந்த தொப்பிக்காரரும் இல்லை.

பொலிசுக்குப் போகப் பயம். ஊரில் ஒரு சிலைக்கு மீசை வரைந்தவன் அல்லவா! தானே அந்த ஆளைப் பின்தொடர்கிறான். பேர்லின் பையன்கள் துணைக்கு வருகிறார்கள். மச்சாள் போனி சைக்கிளில் வந்து சேர்கிறாள். ‘செவ்வாய்’ என்ற சின்னப் பையனுக்குத் தொலைபேசியருகே இருக்கும் வேலை.

களவுபோன காசைக் களவாகவே திருப்பி எடுப்போமா என்ற பேச்சும் வருகிறது. இரகசியமாக எடுத்தால் நாமும் கள்வர்தானே என்று ஒருவன் தடுக்கிறான். மறுநாள் வங்கியில் அந்த ஆள் காசு மாற்றும்போது, தாள்களில் குண்டூசித் துளை இருக்கும் என்கிறான் எமில். பார்த்தால் இருக்கிறது. பிறகுதான் அவர் வங்கிக் கொள்ளைக்காரர் என்று தெரிகிறது. எமிலுக்கு 1,000 மார்க் வெகுமதி. ஆனால் பாட்டி மெச்சுவது, விளையாட்டைப் பார்க்க ஓடாமல் தொலைபேசியருகே இருந்த செவ்வாயை. காசை எப்போதும் காசுக்கட்டளையில்தான் அனுப்ப வேண்டும் என்பது அவருடைய புத்திமதி!

1931இல் இக்கதை திரைப்படமானது. இரண்டு வருடங்களில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். 1933 மே 10 அன்று பேர்லினில் கெஸ்ட்னரின் நூல்களும் தீயிலிடப்பட்டன. கூட்டத்தில் நின்று அதை அவரே பார்த்தார். எமில் நூல் மட்டும் அன்று தப்பியது. படத்துக்கு வசனம் எழுதிய யூதரான பில்லி வைல்டர் நாட்டை விட்டு வெளியேறினார். செவ்வாயாக நடித்த ஹான்ஸ் லோர், 1942இல் ரஷ்யப் போர்முனையில் 20 வயதில் மாண்டார்.

கதையில் சிறுவர்கள் சாட்சியைத் தேடினார்கள். சாட்சி கிடைக்கும் வரை யாரையும் அடிக்கவில்லை. அந்த நாட்டின் பெரியவர்களோ சாட்சியே இல்லாமல் ஓர் இனத்தையே குற்றவாளியாக்கினார்கள். அதற்குப் பிள்ளைகளும் உயிரைக் கொடுத்தார்கள்.

ஒரு வதந்தி எப்படி ஒரு கடைத்தெருவையே எரிக்கும் என்பது எமது நாட்டில் நாம் யாரும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதல்ல. ஆகவே வகுப்பில் ஒரு பேனை காணாமல் போகும் நாளைச் சின்ன விடயமாக விட்டுவிடக் கூடாது. “அவன்தான் எடுத்தான்” என்று ஒரு பிள்ளை சொன்னால், “நீ கண்டாயா மகன்?” என்று வீட்டிலும் கேளுங்கள், பாடசாலையில் நாமும் கேட்போம்.