மாறுபாட்டூட்டிய மீயொலி நோட்டமும் கல்லீரல் புற்றுநோயும்

மாறுபாட்டூட்டிய மீயொலி நோட்டம் என்பது, நுண்குமிழிகள் கொண்ட நீர்மத்தைச் சிரைவழி செலுத்தி, உறுப்புகளில் குருதி ஓடும் விதத்தை மீயொலியால் காணும் மருத்துவப் படிமவியல் முறையாகும். கல்லீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளித்த பின்னர், கட்டி முழுமையாக அழிந்ததா, உயிருள்ள பகுதி எஞ்சியுள்ளதா என்பதை அறிய இது பயன்படுகின்றது. பேச்சுவழக்கில் "கான்ட்ராஸ்ட் ஸ்கேன்" என்பது பெரும்பாலும் சி.டி. ஸ்கேனையே குறிக்கும், இது அதனின்று வேறானது.

வரலாறு

ஊசிவழி நீர்மம் செலுத்தப்படும்போது பெருந்தமனி வேரில் எதிரொலிகள் தோன்றுவதை 1968இல் ரேமண்ட் கிராமியாக், பிரவீன் ஷா ஆகியோர் பதிவு செய்தனர். நுண்ணிய குமிழிகளே அதற்குக் காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. சோனோவியூ என்னும் குமிழி மருந்து ஐரோப்பாவில் 2001இல் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் கல்லீரல் சோதனைக்கு 2016இல் அனுமதி வழங்கப்பட்டது.

செயற்படும் விதம்

சோனோவியூ குமிழிகளில் கந்தக எக்சாபுளோரைடு வளிமம் கொழுப்புப் படலத்தால் சூழப்பட்டுள்ளது. இவற்றின் சராசரி விட்டம் சுமார் 2.5 மைக்ரோமீட்டர்; அதாவது சிவப்பணுவைவிடச் சிறியவை. இவை குருதிக்குழாய்களை விட்டு வெளியேறுவதில்லை. வளிமம் நுரையீரல் வழியே மூச்சுடன் வெளியேறுகின்றது.

கல்லீரலுக்கு வரும் குருதியில் ஏறத்தாழ முக்காற்பங்கு போர்ட்டல் சிரை வழியாகவும், எஞ்சியது கல்லீரல் தமனி வழியாகவும் வருகின்றது. முதன்மைக் கல்லீரல் புற்றுக்கட்டியோ பெரிதும் தமனியையே சார்ந்துள்ளது. எனவே, ஊசி செலுத்திய முதல் 45 நொடிகளுக்குள் அமையும் தமனிக் கட்டத்தில், கட்டி சுற்றுத்திசுவைவிட ஒளிர்ந்து தோன்றும்.

சிகிச்சைக்குப் பின்

வெப்பத்தால் கட்டியைச் சுடுதல், தமனிவழி மருந்து செலுத்திக் குருதியோட்டத்தை அடைத்தல் ஆகியவை பரவலான சிகிச்சைகளாகும். இறந்த திசுவில் குருதியோட்டம் இல்லாததால் அது எல்லாக் கட்டங்களிலும் இருண்டே தோன்றும். தமனிக் கட்டத்தில் விளிம்பில் முடிச்சுப்போல ஒளிரும் பகுதி, எஞ்சிய புற்றைச் சுட்டும். ஆனால் சுட்ட இடத்தைச் சுற்றி முதல் சில வாரங்களில் காணப்படும் மெல்லிய, சீரான வளையம் அழற்சியால் விளைவது. அதனைப் புற்று எனக் கொள்ளலாகாது.

அடைப்புச் சிகிச்சையில் பயன்படும் லிப்பியோடால் எண்ணெய் சி.டி. படத்தில் மிகுந்த வெண்மையாகத் தெரிந்து, எஞ்சிய கட்டியை மறைக்கக்கூடும். மீயொலி நோட்டத்தில் இவ்விடர்ப்பாடு இல்லை. கதிர்வீச்சும் இல்லை, குமிழிகள் சிறுநீரகத்தைப் பாதிப்பதில்லை. ஆகவே, அயோடின் ஊட்டியைத் தவிர்க்க வேண்டிய சிறுநீரக நோயாளிகளுக்கு இது மிகவும் பயனுள்ளது.

வரம்புகள்

* உடற்பருமன், குடல்வளி, கட்டியின் ஆழம் ஆகியன படத்தின் தெளிவைக் குறைக்கும்.
* குறுகிய தமனிக் கட்டத்தில் ஒரு கட்டியை மட்டுமே நன்கு நோக்க இயலும். முழுக் கல்லீரலையும் ஆராய சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தேவை.
* முடிவு சோதனையாளரின் தேர்ச்சியைப் பொறுத்தது.

குமரி மாவட்டமும் தொடர் கண்காணிப்பும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நெய்யூர் பன்னாட்டுப் புற்றுநோய் மையம் ஆகியன உள்ளன. நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கி.மீ. தொலைவிலுள்ள திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் (நிறுவப்பட்டது 1981) நாஞ்சில் நாட்டு நோயாளிகள் செல்கின்றனர். கட்டி அழிந்ததா என்பது சிகிச்சைக்கு முந்தைய படிமத்துடன் ஒப்பிட்டே முடிவு செய்யப்படுகின்றது. எனவே, சிகிச்சை ஓரூரிலும் கண்காணிப்பு வேற்றூரிலும் நடைபெறும்போது, பழைய படிமங்களையும் சிகிச்சை அறிக்கையையும் உடன் கொண்டு செல்லுதல் இன்றியமையாதது.