ஜி.எஸ்.டி. ரோடும் பின்சீட்டு பெல்ட்டும்



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒருவன் எழுதியிருந்தான். "பொங்கலுக்கு ஊருக்குப் போறோம் சார். ஆபீஸ் முடிச்சு ராத்திரி பதினொரு மணிக்குத் தாம்பரத்துல கார் எடுத்தா, விடியறதுக்குள்ள மதுரை." கீழே இருபது பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். நான் மட்டும் தூக்கவில்லை. "ஏன் சார்?" என்று கேட்டான். அங்கே நாலு வரியில் சொல்ல முடியவில்லை, அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் 45 நிமிடம் உட்கார்ந்தவர்கள், பொறுத்துக்கொள்வீர்கள்.

சாலை விதி எதுவும் சும்மா வந்ததில்லை. 1896 ஆகஸ்ட் 17 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண் கார் மோதி இறந்தார். பிரிட்டனில் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர்தான். மணிக்கு 8 மைலுக்கு மேல் போகாத வண்டி அது. இன்று குரோம்பேட்டை சிக்னலில் சைக்கிள்காரர் அதைவிட வேகமாகப் போவார். நம் நாட்டில் 1914-இல் முதல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது, 1939-இல் இன்னொன்று. இப்போது நடைமுறையில் இருப்பது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். 2019-இல் அதைத் திருத்தி அபராதங்களை உயர்த்தினார்கள்.

லண்டன் வரை போக வேண்டியதில்லை. முடிச்சூரில் 2012 ஜூலை 25 அன்று நடந்ததை நம் பக்கத்து மக்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டாம் வகுப்புக் குழந்தை, பள்ளி விட்டு வீடு திரும்புகிறாள். பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்தாள், பின்சக்கரம் ஏறிவிட்டது. நான் வேலை பார்த்தது வேறு பள்ளி. ஆனாலும் மறுநாள் காலை எங்கள் பள்ளி வாசலில் வந்து நின்ற ஒவ்வொரு வேனிலும் ஏறித் தரையைக் காலால் தட்டிப் பார்த்தேன். அந்தப் பேருந்துக்குத் தகுதிச் சான்றிதழ் இருந்தது, அதுதான் நெஞ்சை அறுத்தது. உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்கெனத் தனி விதிகள் வந்தன. இன்று கோடை விடுமுறையில் பள்ளி வண்டிகளை வரிசையாக நிறுத்திச் சோதிக்கிறார்கள் அல்லவா, அதற்குப் பின்னால் அந்தக் குழந்தை இருக்கிறாள்.

2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன இளம்பெண் மீது கல்யாண பேனர் சரிந்தது, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. பேனருக்கு எதிராக நீதிமன்ற உத்தரவுகள் அதற்கு முன்பே இருந்தன. அவற்றை நாம் மதிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான், அதுவும் கொஞ்ச காலம்.

பேருந்து, பேனர், லாரி, குண்டும் குழியும் என்று வெளியே இருக்கும் காரணங்களை நாம் நன்றாகவே பேசுவோம். ஸ்டியரிங் பிடித்திருப்பவர் செய்வதைப் பேசத்தான் வாய் வராது. அதற்கு நானே சாட்சி.

2011-இல் விழுப்புரத்தில் ஒரு விசேஷம் முடித்துவிட்டு விடியற்காலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டி ஓட்டியவர் என் மைத்துனர். நான் முன்சீட்டில், பெல்ட் போட்டு. தாம்பரத்தில் போலீஸ் பிடிக்கும் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. என் மனைவி பின்சீட்டில். கிளம்பும்போது அவள் பெல்ட்டைத் தேடினாள். "பின்னாடி உட்கார்றவங்களுக்கு எதுக்கும்மா?" என்று சொன்னது நான். அச்சிறுபாக்கம் தாண்டி வண்டி நடுத்திட்டில் ஏறியது. எனக்கும் மைத்துனருக்கும் சிராய்ப்பு. அவள் முன்சீட்டின் முதுகில் மோதி, காரை எலும்பு முறிந்து, மூன்று மாதம் கையைத் தூக்க முடியவில்லை.

விசாரிக்க வந்தவர்களிடம் "எதிரே லாரிக்காரன் ஹைபீம் போட்டான்" என்றோம். உறவினர்களிடமும் அதையேதான் சொன்னோம். உண்மை என்னவென்றால் மைத்துனர் கண்ணயர்ந்துவிட்டார். அவர் தலை சாய்ந்ததை நான் பார்த்தேன். சரித்திரத்துக்கு ஆதாரம் முக்கியம் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் ஒரு பொய் ஆதாரத்துக்குச் சாட்சி சொன்னான். இப்படி எத்தனை பேர் சொல்லியிருப்போமோ. தூக்கத்தால் நடக்கும் எத்தனை விபத்துகள் லாரிக்காரன் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றனவோ.

கணக்கு ஒன்று போடுவோம். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். நாலு வினாடி கண்ணயர்ந்தால் 110 மீட்டருக்கு மேல். நம் விளையாட்டு விழாவின் நூறு மீட்டர் ஓட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு டன் இரும்போடு ஓடுவது போல. செல்போன் செய்தியைக் குனிந்து படித்தாலும் இதே கணக்குதான். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் சக்தி நாலு மடங்கு. இரவு 2 மணி முதல் 5 மணி வரை உடம்பு தூக்கம் கேட்கும் நேரம். காபி, பாட்டு, ஜன்னல் காற்று எதுவும் உடம்பை ரொம்ப நேரம் ஏமாற்றாது. வண்டியை ஓரமாக, பெட்ரோல் பங்கிலோ டோல் பக்கத்திலோ நிறுத்தி இருபது நிமிடம் தூங்க வேண்டும். சாலையோரத்திலேயே விளக்கில்லாமல் நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஒருவருக்கு எமன்.

பெல்ட் கதையையும் சொல்லிவிடுகிறேன். இன்று எல்லாக் கார்களிலும் இருக்கும் மூன்றுமுனை பெல்ட்டை 1959-இல் வடிவமைத்தவர் சுவீடனின் நில்ஸ் போலின். வால்வோ கம்பெனிக்கு வருமுன் போர் விமானங்களில் விமானியை வெளியே தூக்கி எறிந்து காப்பாற்றும் இருக்கைகளைச் செய்தவர். (தாம்பரம் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது பிடிக்கும்.) காப்புரிமை இருந்தும் எல்லாக் கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று வால்வோ விட்டுக்கொடுத்தது. நம் விதிகளிலும் முன்னோக்கிய பின்சீட்டுக்காரர் பெல்ட் போட வேண்டும் என்று இருக்கிறது, போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே சைரஸ் மிஸ்திரி சென்ற கார் பாலத்தடுப்பில் மோதியது. முன்சீட்டில் இருந்த இருவர் பிழைத்தார்கள். பின்னால் பெல்ட் இல்லாமல் இருந்த இருவரும் இறந்தார்கள். விலையுயர்ந்த கார்தான்.

இன்னொன்று. 2021 டிசம்பர் 18 அன்று நம் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் மேல்மருவத்தூரில்தான் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தொடங்கப்பட்டது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். யாராவது அடிபட்டுக் கிடந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். உதவி செய்பவரைச் சாட்சி சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று இப்போது சட்டமே சொல்கிறது.

மதுரைக்குப் போகிறவனே, காலை நாலரைக்குத் தூங்கி எழுந்து புறப்படு. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊரில் இருப்பாய். அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்தால் பெல்ட்டை நீயே மாட்டிவிடு.

இதை வெளியிடுமுன் மைத்துனருக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போடுங்க மாமா. அக்காகிட்ட மட்டும் நானே முதல்ல சொல்லிடறேன். ஆனா ஹைபீம் போட்டுக்கிட்டு ஒரு லாரி வந்தது நிஜம், அதையும் எழுதிடுங்க" என்றார்.

எழுதிவிட்டேன்.