பிள்ளை அழுதால் தாயின் சாப்பாடுதான் காரணமா?

யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெற்ற தாய்க்குச் சரக்குக்கறி, பால்சுறா, முருங்கையிலை, உள்ளி எனப் பத்தியச் சாப்பாடு கொடுப்பது வழக்கம். இவை சத்தானவை. ஆனால் பிள்ளை வீரிட்டு அழுததும் தாயின் சாப்பாட்டைக் குற்றஞ்சாட்டி, பருப்பு, கோவா, மீன், முட்டை என ஒவ்வொன்றாக நிறுத்துகிறார்கள். மீள்குடியேறிய பல வீடுகளில் தாயின் கோப்பையில் இருப்பதே கொஞ்சம். அதையும் குறைத்தால் தாய்தான் மெலிவாள்.

பருப்பும் கோவாவும் உண்டாக்கும் வாய்வு தாயின் குடலோடு நின்றுவிடும், பாலில் கலக்காது. உள்ளியின் மணம் பாலில் சேரும், தீங்கில்லை. தேநீர், கோப்பி அளவுக்கு மிஞ்சினால் பிள்ளையின் நித்திரை குழம்பலாம். பொதுவாக அழுகை 6ஆவது வாரமளவில் உச்சமாகி, 3, 4 மாதங்களில் தணியும்.

விதிவிலக்கு பசுப்பால். தாய் குடிக்கும் பசுப்பாலின் புரதம் தாய்ப்பால் வழியே சென்று சில பிள்ளைகளுக்கு ஒவ்வாமையை ஏற்படுத்தும். மலத்தில் இரத்தம், தொடர் வாந்தி, தோலில் கரப்பான், நிறை கூடாமை ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போது வைத்தியரின் ஆலோசனையுடன் தாய் பால், பால்மா, தயிரை 2 முதல் 4 வாரங்கள் நிறுத்திப் பார்க்கலாம். தாய்ப்பாலை நிறுத்தி வழமையான பால்மாவுக்கு மாறுவது தீர்வல்ல, அதுவும் பசுப்பாலே.

சந்தேகமிருந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். காய்ச்சல் இருந்தாலோ, பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.