உயிர்வேலி

உயிர்வேலி என்பது கம்பி, கல், ஓலை முதலியவற்றால் அல்லாமல், வேர்விட்டு வளரும் மரங்கள், புதர்ச்செடிகள், கொடிகள் ஆகியவற்றைக் கொண்டு தோட்டம், வயல், மேய்ச்சல் நிலம், வீட்டுவளவு ஆகியவற்றின் எல்லையில் அமைக்கப்படும் வேலி ஆகும். கால்நடைகளிடமிருந்து பயிரைக் காப்பதே இதன் முதன்மை நோக்கம். எனினும், பயிர்நிலங்களில் பல்லுயிர்ப் பெருக்கத்தைப் பேணும் எளிய, செலவு குறைந்த வழிகளுள் ஒன்றாகவும் இது கருதப்படுகின்றது. தமிழ்நாட்டின் கொங்கு வட்டாரத்திலும் இலங்கையின் யாழ்ப்பாணத்திலும் உயிர்வேலி அமைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. யாழ்ப்பாணத்தில் வேலிக்காக நடப்படும் உயிருள்ள தடிகள் கதியால் எனப்படுகின்றன.

பல்லுயிர்ப் பெருக்கத்தில் இதன் இடம்

உழுது பயிரிடும் நிலத்தில் ஒவ்வொரு பருவத்திலும் உழவு, களையெடுப்பு, அறுவடை ஆகியவற்றால் உயிரினங்களின் வாழிடம் கலைக்கப்படுகின்றது. வேலி மட்டும் அறுவடைக்குப் பின்னரும் நிலைத்து நிற்கின்றது. ஆகவே பயிரில்லாத மாதங்களில் பூச்சிகள், பறவைகள், ஊர்வன ஆகியவை ஒதுங்கவும் இனப்பெருக்கம் செய்யவும் வேலியே இடமளிக்கின்றது. வேலிப்பருத்தி என்னும் கொடியின் பெயரே அது வழக்கமாக வளரும் இடத்தைக் காட்டுகின்றது.

பூச்சிகள்: பொறிவண்டுகளும் அவற்றின் புழுக்களும் அசுவினியை உண்கின்றன. ஒட்டுண்ணிக் குளவிகள் பயிரைத் தாக்கும் புழுக்களின் உடலில் முட்டையிட்டு அவற்றை அழிக்கின்றன. ஆனால் முதிர்ந்த குளவிகளுக்குப் பூந்தேன் தேவை. பயிர் பூக்காத காலத்தில் இதனை வேலிச்செடிகளே வழங்குகின்றன. புதர்க் கிளைகளில் ஒற்றை அடை கட்டும் கொம்புத் தேனீக்கும் வேலி ஏற்ற இடமாகும். பூசணி, பாகல், சுரை போன்றவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே இருப்பதால், அவை காய்ப்பதற்குத் தேனீக்களின் வரவு இன்றியமையாதது. எருக்கு போன்ற செடிகளின் இலைகள் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்கு உணவாகின்றன.

பறவைகளும் பிறவும்: கொண்டைக்குருவி, தையல்சிட்டு, கதிர்க்குருவி, தவிட்டுக்குருவி, செண்பகம் ஆகியவை புதர்வேலிகளில் கூடு கட்டுகின்றன. கரிச்சான் உயர்ந்த கிளையில் அமர்ந்து, வயலில் பறக்கும் பூச்சிகளைப் பிடித்து உண்கின்றது. வரப்பில் நிற்கும் பனைகளில் தூக்கணாங்குருவியும் பனை உழவாரனும் கூடு அமைக்கின்றன. ஓணான், அரணை, கீரி முதலியவையும் வேலியோரங்களில் வாழ்கின்றன.

பயன்படும் தாவரங்கள்

முள்ளுள்ளவை: கிளுவை, முட்சங்கு, சூரை, களா, இண்டு, கழற்சி, கொடுக்காய்ப்புளி.
கால்நடை விரும்பாதவை: நொச்சி, ஆடாதோடை, எருக்கு, கள்ளி வகைகள், காட்டாமணக்கு.
தழையும் தீவனமும் தருபவை: பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை, வேலிமசால்.
கொடிகள்: கோவை, பிரண்டை, முசுமுசுக்கை, வேலிப்பருத்தி.

இவற்றுள் கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை ஆகியவற்றைத் தடி நட்டே வளர்க்கலாம்.

கொறங்காடு

திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில் உள்ள கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்கள் உயிர்வேலிக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். இவை தனியாருக்கு உரிமையான நிலங்கள். ஒவ்வொரு காட்டைச் சுற்றியும் கிளுவை வேலி அமைந்திருக்கும். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் பிற புல் வகைகளும் பயறுவகைச் செடிகளும் வளர்கின்றன. இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்கின்றன. வெள்வேலத்தின் காய்கள் கோடையில் ஆடுமாடுகளுக்கு உணவாகின்றன.

வேலி இருப்பதால் மேய்ப்பவர் இல்லாமலே கால்நடைகளை உள்ளே விடவும், ஒரு காட்டில் மேய்ச்சலை நிறுத்திப் புல் மீண்டும் வளர இடமளித்து, மற்றொன்றுக்கு மாற்றவும் இயலுகின்றது. காங்கேயம் இன மாடுகள் இம்முறையிலேயே பேணப்பட்டு வந்துள்ளன. ஆகவே இங்கு வேலி அழியுமாயின் புல்நிலமும், அதனைச் சார்ந்த மாட்டினமும் ஒருங்கே பாதிக்கப்படும்.

அழிவுக்கான காரணங்கள்

கம்பிவேலி விரைவாக அமைக்கக்கூடியது. குறைந்த இடத்தையே எடுக்கின்றது. ஆண்டுதோறும் வெட்டிச் சீர்செய்யத் தேவையில்லை. நிலங்கள் துண்டாடப்படுதல், வீட்டுமனைகளாக மாற்றப்படுதல், வேலி கட்டத் தெரிந்த வேலையாட்கள் குறைதல் ஆகியவையும் உயிர்வேலிகள் மறையக் காரணங்களாக உள்ளன. கைவிடப்பட்ட இடங்களில் சீமைக் கருவேலமும் உண்ணிச்செடியும் பரவி, உள்நாட்டுத் தாவரங்களை நெருக்கி விடுகின்றன.

இங்கிலாந்திலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், பெரிய இயந்திரங்களுக்கு ஏற்ப வயல்கள் விரிவாக்கப்பட்டபோது பெருமளவு உயிர்வேலிகள் அகற்றப்பட்டன. 1997 ஆம் ஆண்டு இங்கிலாந்து, வேல்சு ஆகிய நாடுகளுக்கான சட்ட விதிகள், 30 ஆண்டுகளுக்கு மேற்பட்டவையும் குறிப்பிட்ட தகுதிகளை உடையவையுமான வேலிகளுக்குப் பாதுகாப்பு அளித்தன. 2024 இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த விதிகள், பறவைகள் கூடு கட்டும் காலமாகிய மார்ச் 1 முதல் ஆகத்து 31 வரை வேளாண் நிலங்களின் வேலிகளை வெட்டுவதைப் பொதுவாகத் தடை செய்கின்றன.

அமைத்தலும் பராமரித்தலும்

மழைக்காலத் தொடக்கத்தில் தடிகளை நடுவது வழக்கம். பல்லுயிர்ப் பெருக்கத்தை நோக்கமாகக் கொண்ட வேலியில் பின்வருவன கவனிக்கப்படுகின்றன:

1. ஒரே இனத்தை நடாமல் மரம், புதர், கொடி என மூன்று அடுக்குகளாகப் பல இனங்களைக் கலந்து நடுதல்.
2. ஆண்டின் வெவ்வேறு மாதங்களில் பூத்துக் காய்க்கும் இனங்களைத் தெரிவு செய்தல்.
3. வேலி முழுவதையும் ஒரே ஆண்டில் வெட்டாமல், பகுதி பகுதியாக முறைவைத்து வெட்டுதல்.
4. கூடுகளில் முட்டையோ குஞ்சோ உள்ள காலத்தில் வெட்டாதிருத்தல்.
5. வேலியின் அடியில் சிறு அகலத்திற்குப் புல்லையும் சருகையும் விட்டு வைத்தல். அங்குப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி தெளிக்காதிருத்தல்.

ஏற்கனவே கம்பிவேலி உள்ள இடங்களில் அதனை அகற்றத் தேவையில்லை. கம்பியின் உட்புறமாகச் செடிகளை நட்டும், கொடிகளைக் கம்பியில் படரவிட்டும் உயிர்வேலியாக மாற்றலாம். சிறிய வீட்டுத் தோட்டங்களுக்கு நொச்சி, ஆடாதோடை, மருதாணி, கறிவேப்பிலை போன்றவை ஏற்றவை.

குறைபாடுகள்

உயிர்வேலி முழுமையாக அடர்ந்து வளரச் சில ஆண்டுகள் ஆகும்; அதுவரை இளஞ்செடிகளை ஆடுகளிடமிருந்து காக்க வேண்டும். வேலியை ஒட்டிய பயிர், நிழலாலும் வேர்களின் நீர்ப் போட்டியாலும் குன்றக்கூடும். வேலிக்கும் பயிருக்கும் இடையே ஆழமான வாய்க்கால் வெட்டி வேர்கள் பரவுவதைக் குறைக்கலாம். எலிகளும் பாம்புகளும் வேலியில் தங்கக்கூடும். கள்ளிப்பால் கண்ணுக்குத் தீங்கானது. காட்டாமணக்கு விதை நச்சுத்தன்மை உடையது. எனவே குழந்தைகள் விளையாடும் இடங்களில் இவற்றைத் தவிர்த்தல் நன்று.

இவற்றையும் பார்க்க

பல்லுயிர்ப் பெருக்கம்
கிளுவை
காங்கேயம் மாடு
இயற்கை வேளாண்மை