கடைசிச் சிலிண்டர் வரை

தென் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் எல் மிராஜ் என்னும் வறண்ட ஏரிப்படுகை ஒன்று உண்டு. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னும் பின்னும், பழைய ஃபோர்டு கார்களை வாங்கிப் பிரித்து, தம் கையாலேயே அவற்றின் வேகத்தைக் கூட்டிய வாலிபர்கள் பந்தயத்துக்குக் கூடிய இடம் அது. அங்கே 1948-இல் ஸ்டூவர்ட் ஹில்போர்னின் கார் மணிக்கு 150 மைல் வேகத்தைத் தாண்டியது. பந்தயச் சரித்திரம் எழுதுவோர் அந்த வேகத்தையே கொண்டாடுகிறார்கள். அதனினும் பெரிய சாதனை, கார்புரேட்டரை நீக்கிவிட்டு, எட்டுச் சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாயில் எரிபொருளைப் பீய்ச்சும் கருவியை அவர் தாமே செய்து பொருத்தியது என்பது என் அபிப்பிராயம்.

பந்தயக்காரர் விரும்பிய மெதனால், பெட்ரோலைவிட இரு மடங்குக்கு மேல் செலவாவது. அத்தனை திரவத்தையும் எல்லாச் சிலிண்டர்களுக்கும் சமமாகப் பகிர்ந்தளிப்பது கார்புரேட்டருக்குப் பெரும்பாடு. ஹில்போர்னின் அமைப்பிலோ, இன்ஜினே சுழற்றும் பம்பு வேகத்துக்கு ஏற்ப எரிபொருளைத் தள்ளும். ஆக்ஸிலரேட்டரோடு பிணைத்த வால்வு வேண்டியதை மட்டும் முன்னே விடும். மிஞ்சியது, நடுவில் துளையிட்ட சிறு உலோக வில்லை வழியே டாங்கிக்குத் திரும்பும். மாத்திரை அளவே உள்ள அவ்வில்லையைக் கழற்றி, சற்றே சிறிய துளையுள்ள வேறொன்றைப் போட்டால் கலவையில் எரிபொருள் கூடும். பெரிய துளையானால் குறையும். பந்தய நாளின் காற்றுக்குத் தகுந்தபடி இன்ஜினைப் பக்குவப்படுத்த இவ்வளவே போதுமானதாயிருந்தது. இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் 1953-இலும் 1954-இலும் பில் வுகோவிச் வென்ற, இதே கருவி பொருத்திய காருக்கு ‘ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் ஸ்பெஷல்’ என்றே பெயர்.

1967-இல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி, ஃபோக்ஸ்வாகன் 1600 காருக்கு மின்னணு இன்ஜெக்‌ஷனை அளித்தது. இடைவிடாத பீய்ச்சல் போய், எரிபொருளைப் பீய்ச்சும் முனையான இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை மின்சாரமே நிர்ணயிக்கும் காலம் வந்தது. அக்கணக்கு பிசகாதிருக்க வேண்டுமானால் எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே அழுத்தம் கிடைத்தாக வேண்டும். அந்தப் பொறுப்பைச் சுமக்கும் பொதுக் குழாயே ஃபியூயல் ரெயில்.

1986-இல் ஃபோர்டு மஸ்டாங்கின் 5 லிட்டர் இன்ஜினும் கார்புரேட்டரைக் கைவிட்டபோது, கம்ப்யூட்டர் புகுந்த இன்ஜினில் இனிக் கைவைக்க முடியாது என்று அஞ்சியவர்கள் அநேகர். ஆனால் சில ஆண்டுகளுக்குள் அதே கார் அமெரிக்க இளைஞரின் புதிய பரீட்சைக் களமாயிற்று. டர்போவும் சூப்பர்சார்ஜரும் ஏறின. பம்பும் இன்ஜெக்டரும் பெரிதாயின. அப்போதுதான், சாதாரண ஓட்டத்துக்கென்று அளவாகச் செய்யப்பட்ட ரெயிலின் மேல் அவர்கள் கண் விழுந்தது. பீய்ச்சும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், ரெயிலின் கோடியில் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு தாழ்ந்தால் அங்குள்ள சிலிண்டருக்கு எரிபொருள் இருபதில் ஒரு பங்கு குறையும். கேட்பதற்கு அற்பம், ஆனால் டர்போவின் உச்ச வேகத்தில் பிஸ்டனைப் பொசுக்க அதுவே போதும். மற்றச் சிலிண்டர்கள் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் கெடுவதால் காரணத்தைக் கண்டுபிடிப்பதும் எளிதன்று.

ஆகவே அலுமினியத்தில் அகன்ற துவாரமுள்ள ரெயில்கள் வந்தன. குழாய் அகன்றால் ஓட்டத்தின் தடை குறையும். உள்ளே நிற்கும் எரிபொருள் மிகுதியாவதால், ஒவ்வொரு இன்ஜெக்டரும் திறந்து மூடும்போது எழும் அழுத்த அலைகளும் அடங்கும். பெட்ரோலில் எத்தனாலைப் பெருமளவு கலந்த இ85 பந்தயக்காரரிடையே பரவியபின், அதே சக்திக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் திரவம் தேவைப்பட்டதால், இந்த அகன்ற ரெயிலுக்கு மவுசு இன்னும் கூடியது.