98ஆவது பாட்டும் பிரட்டுத் தப்பும்

1992 செப்டம்பரில் நைன் இஞ்ச் நெய்ல்ஸ் 'ப்ரோக்கன்' என்ற சின்ன அல்பத்தை வெளியிட்டது. மொத்தம் ஆறு பாட்டு. அதோடு இரண்டு பாட்டு மட்டும் உள்ள ஒரு குட்டித் தட்டும் சேர்ந்து வந்தது. சில கடைக்காரர்கள் அந்தக் குட்டித் தட்டைப் பிரித்துத் தனியாக விற்க ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் அடுத்த பதிப்பில் இரண்டையும் ஒரே இறுவட்டில் போட்டார்கள். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் போடவில்லை. ஆறாவது பாட்டு முடிந்ததும் ப்ளேயரில் 7, 8, 9 என்று எண் மட்டும் ஓடும். ஒவ்வொன்றும் ஒரு விநாடி மௌனம். 97 வரைக்கும் இப்படியே போய், 98ல் ஒரு பாட்டு வெடிக்கும், 99ல் இன்னொன்று. ஒரு இறுவட்டில் 99 தடங்கள்தான் இருக்கலாம் என்பது விதி. அந்த விதியின் கடைசி மூலையில் கொண்டுபோய் ஒளித்துவைத்தார்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கு. அந்த அல்பமே ஒளித்துச் செய்யப்பட்டதுதான். ட்ரென்ட் ரெஸ்னருக்கும் அவருடைய அப்போதைய கம்பனிக்கும் பெரிய சண்டை. கம்பனிக்குத் தெரியாமல், வேறு வேறு ஸ்டூடியோக்களில், பொய்ப் பெயர்களில் பதிவு செய்தார்கள். எவனுக்காக உழைக்கிறோமோ அவனுக்குத் தெரியாமல் பாடுவது! இந்த இடத்தில்தான் எங்களுக்கு எங்கள் தோட்டங்கள் ஞாபகம் வந்தது.

அதற்கு முன்னால் இந்த இசையின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். இன்டஸ்ட்ரியல் என்ற பெயர் 1976ல் இங்கிலாந்தில் வந்தது. த்ராபிங் க்ரிஸில் என்ற குழு தங்கள் இசைக் கம்பனிக்கு 'இன்டஸ்ட்ரியல் ரெக்கோர்ட்ஸ்' என்று பெயர் வைத்தது. 1980ல் மேற்கு பெர்லினில் ஐன்ஸ்டூர்ட்சென்டே நொய்பாவ்டன் என்ற குழு தகரம், இரும்புக்கம்பி, துளையிடும் மெஷின் எல்லாவற்றையும் மேடைக்குக் கொண்டுவந்து அடித்தது. இடிந்து விழும் புதுக் கட்டடங்கள் என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தம். மெட்டல் பிறந்ததும் தொழிற்சாலை ஊரில்தான். பிளாக் சபாத்தின் டோனி அயோமி பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் வேலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். அதே பர்மிங்ஹாமில் 1988ல் உருவான கொட்ஃப்ளெஷ், ட்ரம் அடிக்க ஆளை வைக்காமல் மெஷினை வைத்தது. ரெஸ்னர் வந்தது அமெரிக்காவின் இரும்பு ஊர்கள் பக்கத்திலிருந்து. அவர் வளர்ந்த காலத்தில் அங்கே தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன.

ஆக, மனிதனை வேலைக்கு விரட்டிய சத்தத்தை மனிதன் திரும்ப எடுத்துத் தன் பாட்டாக்கியதுதான் இன்டஸ்ட்ரியல் மெட்டல். வெறும் இரைச்சல்னு தள்ளிவிட முடியாது.

இப்போ நோர்வூட்டுக்கு வருவோம். இங்கேயிருந்து பொகவந்தலாவைப் பக்கம் போனாலும் மஸ்கெலியா பக்கம் போனாலும் பாதையோரம் தேயிலை பெக்டரிகள் நிற்கும். கொழுந்தை வாட்டுகிற விசிறி, சுருட்டுகிற ரோலர், காயவைக்கிற டிரையர், சலிக்கிற சல்லடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளம் இருக்கு. பகலில் பறித்த கொழுந்து வாட ஒரு இரவு வேண்டும் என்பதால் பெக்டரி ராத்திரியிலும் தூங்காது. மலையகத்தின் பழைய பெக்டரிகளில் ஓடிய மெஷின்களில் நிறைய இங்கிலாந்தின் கெய்ன்ஸ்பரோவிலும் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டிலும் செய்யப்பட்டவை. கொட்ஃப்ளெஷுக்குப் பின்னால் இருக்கிற அதே பிரித்தானிய இரும்பு யுகம்தான் கப்பலேறி நம்ம மலைக்கும் வந்தது.

ஆனால் மெஷின் வருவதற்கு முன்னாடியே இங்கே ஒரு 'மெஷின்' இருந்தது. விடியுமுன் லயத்தில் அடித்த பிரட்டுத் தப்பு. அந்தச் சத்தம் கேட்டால் எழும்பணும், பிரட்டுக்களத்துக்குப் போகணும், பேர் கொடுக்கணும். கடிகாரம் இல்லாத ஜனங்களுக்குத் துரையின் கடிகாரம் அது. ஊரில் சாவுக்கும் சாமிக்கும் அடித்த தோலைத் தோட்டம் சங்கு மாதிரி ஆக்கிக்கொண்டது. அடிக்கிற வேலையையும் சாதியைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அதே தப்பைத்தான் ஜனங்கள் மாசி மாசத்தில் காமன்கூத்துக்கு எடுத்தார்கள். சிவன் நெற்றிக்கண்ணில் காமன் எரிந்துபோகிறான், ரதி ஒப்பாரி வைக்கிறாள், எரிந்தவன் திரும்ப எழும்புகிறான். உலகம் முடிகிற கதையும் அதற்குப் பிறகு மிச்சமிருக்கிற உயிரின் கதையும் இதில் இருக்கு. காலையில் வேலைக்கு விரட்டிய தாளம், ராத்திரியில் ஆடுகிறவன் காலுக்கு வந்தது. பெர்லினில் தகரம் அடிப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் எங்கள் லயங்களில் இது நடந்துவிட்டது.

ஒளித்துவைத்த பாட்டுகளும் இருந்தன. கொழுந்து மலையில் பெண்கள் பாடிய பாட்டுகளில் கங்காணியின் அட்டகாசம், துரையின் கணக்கு, குறைந்த சம்பளம் எல்லாம் வரும். துரைக்கு அந்தத் தமிழ் விளங்காது. கங்காணிக்கு விளங்கும், ஆனால் அவன் தூரத்தில் நிற்கும்போதுதான் அந்த வரி வரும். இந்த மாதிரிப் பாட்டுகளைத் தேடித் தொகுத்தவர் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை. 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். அவருடைய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' இல்லையென்றால் இதில் பாதி நமக்குத் தெரிந்தே இருக்காது.

இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது என்பதும் எங்களுக்குத் தெரியும். ரெஸ்னர் ஒளித்தது விருப்பத்தில். எங்கள் பாட்டிமார் ஒளித்தது பயத்தில். 'ப்ரோக்கன்' அல்பத்தில் ஒரு பாட்டின் தலைப்புக்கு அடிமைத்தனத்தில் ஆனந்தம் என்று அர்த்தம். அதன் வீடியோவில் ஒரு மெஷின் தானாக வந்து படுக்கிற மனிதனைச் சித்திரவதை செய்து அரைக்கும். அமெரிக்காவில் அது ஒரு உருவகம். லயத்தில் பிறந்தவர்கள் அதை உருவகமாகப் பார்ப்பது கஷ்டம்.

உலகம் முடிவதும் அப்படித்தான். 2007ல் ரெஸ்னர் 'இயர் சீரோ' என்ற அல்பத்தில் 2022ஆம் ஆண்டில் அமெரிக்கா அழிந்துகொண்டிருப்பதாகக் கற்பனை செய்தார். லிஸ்பன் கச்சேரியில் கழிவறையில் யூ.எஸ்.பி. ஒன்றைப் போட்டு, அதில் வெளிவராத பாட்டை ஒளித்துவைத்தார்கள். அல்பத்தின் கறுப்புத் தட்டு சூடேறினால் வெள்ளையாகி மறைந்திருந்த எண்களைக் காட்டும். ரசிகர்கள் துப்புத் துலக்கித் திரிந்தார்கள். நல்ல விளையாட்டு. எங்களுக்கு 'இயர் சீரோ' ஏற்கெனவே வந்துபோய்விட்டது. 1948 குடியுரிமைச் சட்டம் எங்கள் ஜனங்களை ஒரே அடியில் நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்குப் பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலுக்கு ஜனங்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. அந்தக் கோச்சியின் சத்தத்தை யாராவது பதிவு செய்திருந்தால், அதைவிடக் கனமான இன்டஸ்ட்ரியல் அல்பம் உலகத்திலேயே இருந்திருக்காது.

இன்றைக்கு 'ப்ரோக்கன்' போனில் கேட்கலாம். 98ஆவது பாட்டு ஏழாவதாக வந்து நிற்கும். நடுவில் இருந்த 91 விநாடி மௌனத்தைக் காணோம். தேடிக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் போனது உண்மைதான், ஆனாலும் பாட்டு பத்திரமாக இருக்கு. எங்கள் பாட்டுகளுக்கு நடப்பது இதற்கு நேர் எதிர். மௌனம் இருக்கு, பாட்டுதான் போய்க்கொண்டிருக்கு. சி.வி. வரிகளைக் காப்பாற்றினார். ஆனால் மலையில் நிரையில் நின்று ஒருத்தி எடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடிய குரல் புத்தகத்துக்குள் வராது. தப்பின் அடியும் வராது.

அதனால் இந்தக் கட்டுரையை வாசிக்கிற மலையகப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் வீட்டிலோ பக்கத்து லயத்திலோ கொழுந்து மலைப் பாட்டு தெரிந்த ஆச்சி ஒருவர் இன்னும் இருக்கலாம். காமன்கூத்துக்குத் தப்படித்த தாத்தா இருக்கலாம். அவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால், போனில் பதிவு செய்யுங்கள். யார் பாடினது, எந்தத் தோட்டம், எந்த வேலையின்போது பாடினது என்பதையும் அவர்கள் குரலிலேயே சொல்லவிடுங்கள். பெக்டரி ஓடுகிற சத்தம் பின்னால் கேட்டால் அதை வெட்டிவிடாதீர்கள். அதுவும் அந்தப் பாட்டில் சேர்ந்ததுதான்.